அண்ணனை மன்னிக்க வேண்டுமானால் வழக்கைத் திரும்பப் பெற வேண்டுமா?

குமரிச் சகோதரி:

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சபைக்குள் யாரிடமும் கேட்க முடியாத ஒரு கேள்வியை, என்னை அறியாதவர்களிடம் கேட்பது எளிது என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். பிறந்தது முதல் தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறேன். என் தகப்பனார் உயில் எதுவும் எழுதி வைக்காமல் காலமானார். தாயார் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். பிள்ளைகள் என்று அண்ணனும் நானும் மட்டும்தான். சொத்து ஒரு வீடும் அதை ஒட்டிய தென்னை விளையும்.

அப்பா இறந்த மறு வருடம், பட்டாவை இருவர் பெயருக்கும் மாற்ற வேண்டும் என்று சொல்லி அண்ணன் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே என்னைக் கேமரா முன் உட்கார வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். பெருவிரல் ரேகை வைத்தேன். எழுத்தர் விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். முழுச் சம்மதத்துடன்தானே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டபோது, அண்ணன் முந்திக்கொண்டு "ஆமாம் சார்" என்றார், நானும் தலையசைத்தேன். விளையை மனைகளாகப் பிரித்து விற்க ஏற்பாடு நடக்கிறது என்று பிற்பாடு கேள்விப்பட்டு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோதுதான், அன்று நான் எழுதிக் கொடுத்தது என் பங்கு முழுவதையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது தெரிந்தது. நேரில் போய்க் கேட்டேன். "உன் கல்யாணத்துக்குப் போட்ட நகையும் கொடுத்த ரொக்கமும்தான் உன் பங்கு, அப்பாவின் மனதும் அதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் பாகப்பிரிவினை கோரியும் வழக்குத் தொடர்ந்திருக்கிறேன். போலீசில் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

அண்ணன் எங்கள் சபையின் கமிட்டியில் இருக்கிறார். வழக்குச் செய்தி வெளியே தெரிந்ததும் போதகர் என் வீட்டுக்கு வந்து மத்தேயு 18-ஆம் அதிகாரத்திலிருந்து ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்ற பகுதியை வாசித்தார். பிறகு கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதைச் சொல்லி, விசுவாசி விசுவாசிமேல் வழக்காடக் கூடாது என்றும், வழக்கைத் திரும்பப் பெறுவதே நான் மன்னித்துவிட்டேன் என்பதற்கு அத்தாட்சி என்றும் ஜெபித்துவிட்டுப் போனார். அதன்பின் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது நான் இருக்கையிலேயே இருந்துவிடுகிறேன். என் முன்னால் காணிக்கைப் பையை நீட்டுகிறவர் பல ஞாயிறுகளில் என் அண்ணன்தான்.

அவருக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அவருடைய பிள்ளைகளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். ஆனாலும் வழக்கைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. இது மன்னியாத இருதயமா? ஊர் வாய்க்குப் பயந்து நான் வழக்கைத் திரும்பப் பெற்றால் அதைத் தேவன் மன்னிப்பு என்று ஏற்றுக்கொள்வாரா? வேதத்தை அறிந்தவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற போதகர்:

சகோதரி, உங்கள் போதகர் உங்கள் குடும்பத்தை நேரில் அறிந்தவர், நான் அறியாதவன். ஆகவே அவரைக் குறை சொல்ல முன்வராமல், அவர் வாசித்த அதே அதிகாரத்தைச் சற்று மேலிருந்து வாசிக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எத்தனைதரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்பது 21-ஆம் வசனத்தில். அதற்கு முன்பே, 15-ஆம் வசனத்தில், "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். அவன் செவிகொடாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்களுக்கும் செவிகொடாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்த வேண்டும். நீங்கள் முதல் படியைச் செய்துவிட்டீர்கள். இரண்டாம் படியும் மூன்றாம் படியும் சபை தன் தோளில் சுமக்க வேண்டியவை. குற்றம் செய்தவர் என்று சொல்லப்படுபவரின் வீட்டுக்குப் போகாமல், குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்கு மட்டும் வேதாகமத்தோடு போவது இந்த அதிகாரத்தின் ஒழுங்கு அல்ல.

அந்த வசனங்களுக்குப் பின் ஆண்டவர் சொல்லும் உவமையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ராஜாவுக்கு முதல் ஊழியக்காரன் பட்டிருந்த கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம்; ஒரு வெள்ளிப்பணம் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் என்பதை மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்து உவமை காட்டுகிறது. அப்படியானால் அது ஆறு கோடி நாள் கூலி. எந்த மனிதனும் எத்தனை தலைமுறையானாலும் தீர்க்க முடியாத தொகை. ராஜா அதை முழுவதும் மன்னித்துவிட்டார். அந்த ஊழியக்காரனுக்கு அவன் உடன் வேலைக்காரன் பட்ட கடனோ நூறு வெள்ளிப்பணம். பிரசங்க பீடத்தில் இதை அற்பத் தொகை என்று தள்ளிவிடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அற்பமல்ல, ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட சோறு அது. உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் சிறியது என்று இயேசு சொல்லவில்லை. நஷ்டம் உண்மையானதாக இருக்கும்போதே, அதைவிடப் பெரிய ஒன்று உனக்கு மன்னிக்கப்பட்டிருப்பதை நினைத்துக்கொள் என்கிறார். அந்த ஊழியக்காரன் கடனைக் கேட்டதற்காக மட்டும் தண்டிக்கப்பட்டான் என்று நான் வாசிக்கவில்லை. தன் உடன் வேலைக்காரனின் தொண்டையை நெரித்தான், அவன் காலில் விழுந்து தவணை கேட்டபோதும் காவலில் போடுவித்தான். கடன்பட்டவன் அங்கே கடனை ஒப்புக்கொள்கிறான் என்பதும் கவனிக்க வேண்டியது. உங்கள் அண்ணன் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

அடுத்து 1 கொரிந்தியர் 6. அது உண்மையிலேயே கடினமான பகுதி; அதை மழுப்பி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. "நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்று பவுல் கேட்கிறார். ஆனால் அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன், சகோதரருடைய வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று சபையைப் பார்த்துக் கேட்கிறார். அடுத்த வசனத்தில், நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே என்று அநியாயக்காரரை நோக்கித் திரும்புகிறார். மூன்று பேருக்கு எழுதப்பட்ட கடிதத்தில் ஒருவருக்குரிய வரியை மட்டும் உங்களிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மன்னிப்பும் நீதிமன்றமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே எல்லோரும் அறிந்த சாட்சி உண்டு. 1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்கள் பத்து வயது பிலிப்பையும் ஆறு வயது திமோத்தியையும் உயிரோடு எரித்தார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக அவருடைய மனைவி கிளாடிஸ் வெளிப்படையாக அறிவித்தார். மகள் எஸ்தரோடு ஒடிசாவின் பாரிபதாவிலேயே தங்கி, கணவர் செய்துவந்த தொழுநோயாளர் பணியை 2004 வரை நடத்தினார். வழக்கோ தன் வழியில் நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு 2003-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2005-இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புகளால் கிளாடிஸின் மன்னிப்பு பொய்யாகிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை.

திருவிருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முன்பு சகோதரனோடு ஒப்புரவாகப் போகும்படி மத்தேயு 5-இல் கட்டளை பெறுகிறவன், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூருகிறவன். அதாவது பிறருக்குக் குறை வைத்தவன். இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் யார், காணிக்கைப் பையோடு நடப்பவர் யார் என்பதை உங்கள் கமிட்டி யோசிக்கட்டும். நீங்கள் உங்களைச் சோதித்தறிந்து, தாராளமாகப் பந்திக்கு வாருங்கள்.

வழக்கறிஞர், மதுரை:

போதகர் ஐயா வேதத்தைச் சொல்லிவிட்டார். வழக்கைத் திரும்பப் பெறுவது என்றால் சட்டப்படி என்ன நடக்கும் என்பதை, ஆவணங்களைப் பார்க்காத நிலையில் பொதுவாக மட்டும் சொல்கிறேன். ஜெபத்தில் உருகியிருக்கிற நேரத்தில் எடுக்கும் முடிவின் விளைவு என்ன என்று தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.

முதலில் உங்கள் உரிமை. கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி முன்பே காலமாகிவிட்ட நிலையில் பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்கு. மகன், மகள் என்ற பேதம் அதில் இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகையே பங்கு என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது உங்கள் மாவட்டத்தாருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மாவட்டம் முன்பு சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் 1916-இல் இயற்றப்பட்ட கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டும் கொடுத்தது. ஸ்திரீதனம் பெற்றவளுக்கு அதுவும் இல்லை. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடர்ந்த வழக்கில், 1951 முதலே அந்தச் சட்டம் செல்லாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் போய்விட்டது, நடுவீட்டுப் பேச்சில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது, திரும்பப் பெறுதல். மீண்டும் வழக்குத் தொடர நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறாமல் வெறுமனே திரும்பப் பெற்றால், அதே விஷயத்துக்காகப் பின்னால் வழக்குத் தொடர முடியாது. அனுமதி கிடைத்தாலும், பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கான காலவரம்பு, மோசடி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான்; இடையில் வாபஸ் பெற்றதால் அது நீண்டுவிடாது. இன்னொன்று: வழக்கு நிலுவையில் இருக்கும்போது அண்ணன் யாருக்கு மனை விற்றாலும் வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். நீங்கள் விலகினால் அந்தக் காப்பும் போய்விடும். நாளைக்கு அண்ணனே மனம் திரும்பினாலும் திருப்பிக் கொடுக்க நிலம் மிஞ்சாமல் போகலாம்.

தொடர்வதற்கும் கைவிடுவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேளுங்கள். அங்கே பேசப்படுவதை வெளியே கொண்டுபோகக் கூடாது. உடன்பாடு ஏற்பட்டால் அதையே நீதிமன்றம் தீர்ப்பாக்கும். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சகோதரருக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பவுல் கேட்டதற்கு இன்றைய நடைமுறையில் இதுதான் மிக அருகில் வருகிறது என்பது என் கருத்து.

தோட்டக்காரன், நாசரேத்:

மேலே எழுதிய இருவரும் சகோதரியின் மனதுக்கு இதமாக எழுதியிருக்கிறார்கள். நான் இதமாக எழுதப் போவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சகோதரியின் வழக்கைப் போலவே ஒரு வழக்கு ஆண்டவரின் முன் வந்திருக்கிறது. லூக்கா 12-இல் ஒருவன் ஜனக்கூட்டத்திலிருந்து எழுந்து, "போதகரே, ஆஸ்தியைப் பாகம்பிரித்து எனக்குத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும்" என்று கேட்கிறான். அவன் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். இயேசுவோ தம்மைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று கேட்டுவிட்டு, கேட்டவனுக்கே பொருளாசையைக் குறித்து எச்சரிக்கிறார். நிலத்தைப் பிடித்து வைத்திருந்த அண்ணனையோ தம்பியையோ அவர் கூப்பிட்டு அனுப்பவில்லை. ஆபிரகாம் மூத்தவனாயிருந்தும், மேய்ப்பருக்குள் வாக்குவாதம் வந்தபோது, நல்ல பக்கத்தைத் தன் சகோதரன் மகன் லோத்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டான். வஸ்திரத்துக்காக வழக்காடுகிறவனுக்கு அங்கியையும் விட்டுவிடு என்பதும் அதே மத்தேயுவில்தான் இருக்கிறது. இவற்றையெல்லாம் கேட்கும்போது நமக்குக் கசக்கிறது என்பதற்காக, இதன் பொருள் வேறு என்று சொல்லிவிட முடியுமா?

போதகர் ஐயா சொன்ன ஸ்டெயின்ஸ் சாட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தக் காரியத்துக்கு அது பொருந்தாது. அது கொலை வழக்கு. அதை நடத்தியது அரசு. கிளாடிஸ் அம்மையார் விரும்பினாலும் அதைத் திரும்பப் பெற்றிருக்க முடியாது. சகோதரியின் வழக்கில் வாதி சகோதரியேதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணனைக் கூண்டுக்கு இழுப்பது அவருடைய சொந்தத் தீர்மானம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

எனக்கும் என் தம்பிக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு வந்தபோது, என் பங்கை அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊர் சிரித்தது. வருடங்கள் கழித்து எங்கள் அம்மாவின் அடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே பெட்டியைச் சுமந்தோம். வழக்கில் நின்றிருந்தால் அது நடந்திருக்காது என்று நம்புகிறேன். சகோதரியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நாள் காலை என்ன செய்வீர்கள்? அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், உங்களுக்கு வேண்டியது நிலமா, நியாயமா, அண்ணனின் தலைகுனிவா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆசிரியை, பாளையங்கோட்டை:

தோட்டக்கார ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. நீங்கள் உங்கள் கிணற்றுப் பங்கைத் தெரிந்தே, உங்கள் கையால், மனதார எழுதிக் கொடுத்தீர்கள். இந்தச் சகோதரியிடமிருந்து அந்த வாய்ப்பே பறிக்கப்பட்டிருக்கிறது. கொடுப்பதற்கு முன் அது தன்னுடையதாக இருக்க வேண்டும் அல்லவா? அவரிடம் பொய் சொல்லி வாங்கிக்கொண்ட பிறகு, இனி அதைத் தியாகம் என்று நினைத்துக்கொள் என்பது ஆபிரகாம் லோத்துக்குச் செய்தது ஆகாது. ஆபிரகாமை லோத்து ஏமாற்றிவிட்டுப் பிறகு மன்னிக்கச் சொல்வது போலாகும்.

லூக்கா 12-இல் பங்கு கேட்டவன் கடிந்துகொள்ளப்பட்டான் என்றால், எண்ணாகமம் 27-இல் மோசேயின் முன்பும் எல்லாப் பிரபுக்களின் முன்பும் வந்து நின்று தகப்பனுடைய காணியாட்சியில் பங்கு கேட்ட செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளுக்குக் கர்த்தர் என்ன சொன்னார்? அவர்கள் சொல்லுகிறது சரிதான் என்றார். அவர்களுக்குச் சகோதரர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பங்கு கேட்பதே பொருளாசை என்றிருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது.

என் சபையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். குடித்துவிட்டு அடிக்கிற கணவனை மன்னிக்கச் சொல்லி மனைவியிடம் போகிறார்கள். பங்கை மறைத்த அண்ணனை மன்னிக்கச் சொல்லித் தங்கையிடம் போகிறார்கள். எல்லைக்கல்லுக்காக இரண்டு ஆண்கள் உயர் நீதிமன்றம் வரை போகும்போது, ஏழெழுபதுதரம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுப் படியேறிய யாரையும் நான் பார்த்ததில்லை. மன்னிப்பு கட்டளைதான், நான் மறுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவாக அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

குமரிச் சகோதரி:

எல்லோருக்கும் நன்றி. தோட்டக்கார ஐயாவின் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

ஜெயித்தால் மறுநாள் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அந்த வீட்டில் போய்க் குடியேற எனக்கு விருப்பமில்லை. அண்ணனின் பிள்ளைகள் வளர்ந்த வீடு அது, அவர்களே இருக்கட்டும். விளையில் பாதி கிடைத்தால் என் மகளின் படிப்புக் கடன் தீரும். அது வேண்டாம் என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் நிலத்தைவிட என் நெஞ்சை அறுப்பது வேறு ஒன்று. நான் விரும்பி எழுதிக் கொடுத்தேன் என்று அந்தப் பத்திரத்தில் என் கையெழுத்துக்கு மேலே எழுதியிருக்கிறது. அண்ணன் ஊரெல்லாம் சொல்வதும் அதைத்தான்: அன்றைக்குச் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தவள், இப்போது புருஷன் வீட்டார் தூண்டிவிட்டு வழக்குப் போடுகிறாள் என்று. அது பொய் என்று அண்ணன் ஒருமுறை, என் முன்னாலும் போதகர் முன்னாலும் சொன்னால், வீடு முழுவதையும் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். விளையைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம். அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. பார்த்தால் நான்தான் முதலில் அழுவேன்.

இப்படி ஒப்புக்கொள்ளச் சொல்வது, மன்னிப்புக்கு நான் விலை பேசுவதாகுமா?

கத்தோலிக்க வாசகர், திருச்சி:

இல்லை என்று நினைக்கிறேன். லூக்கா 17-இல் சகோதரனைக் கடிந்துகொள்வதும், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பதும் அடுத்தடுத்து வருகின்றன. அதே நேரம், அவன் மனஸ்தாபப்படும்வரை காத்திருக்காமல், சிலுவையில் அறைகிறவர்களுக்காக ஆண்டவர் வேண்டிக்கொண்டதும் இருக்கிறது. உள்ளத்தில் பகையை விடுவதற்கு எதிராளியின் சம்மதம் தேவையில்லை; உறவு மீண்டும் கூடுவதற்கு அவர் உண்மை பேச வேண்டும். எங்கள் பங்குத்தந்தை தவக்காலப் பிரசங்கத்தில் அருட்சகோதரி ராணி மரியாவைப் பற்றிச் சொன்னபோது எனக்கு இது புரிந்தது.

கேரளத்தின் புல்லுவழி கிராமத்தில் பிறந்து, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்கப் பாடுபட்ட அந்தக் கன்னியர், 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குப் போகும் வழியில் பேருந்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் சமுந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் கன்னியர். அவர் 2002-இல் சிறைக்குப் போய்ச் சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டி, அவரைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். குடும்பத்தார் அவருடைய விடுதலைக்காக மனுச் செய்தார்கள். 2006-இல் அவர் வெளியே வந்தார். பிறகு அவர் புல்லுவழிக்கே போனபோது, இறந்தவரின் தாய் அவருடைய கைகளை முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்கள்.

கிளாடிஸ் அம்மையார் தண்டனையைச் சட்டத்திடம் விட்டார். இந்தக் குடும்பம் தண்டனையைக் குறைக்கும்படி கேட்டது. இரண்டும் மன்னிப்புதான். ஆனால் செல்மி பால் ராக்கியோடு போனபோது, யார் யாரைக் கொன்றார் என்பதில் எவருக்கும் சந்தேகம் மிஞ்சியிருக்கவில்லை. சமுந்தர் சிங்கும் தன் செயலுக்காக வருந்தினார். அந்த உண்மை மேசைமேல் வைக்கப்பட்ட பிறகுதான் அந்தத் தாயால் அந்தக் கைகளைப் பிடிக்க முடிந்தது. நீங்கள் அண்ணனிடம் கேட்பதும் அதைத்தான்.

தோட்டக்காரன், நாசரேத்:

சகோதரியின் பதிலை வாசித்தேன். வீட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்கிறவரிடம் பொருளாசை இருப்பதாக நான் இனிச் சொல்லமாட்டேன். ஆசிரியை அம்மா கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆண்கள் வழக்காடும்போது எங்கள் சபையிலும் யாரும் அப்படிப் போவதில்லை என்பது உண்மைதான்.

ஆனால் ஒன்றில் நான் நிற்கிறேன். அண்ணன் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். பலர் அப்படியே செத்துப்போகிறார்கள். அப்படி நேர்ந்தால், தீர்ப்பு எதுவாக வந்தாலும், அவர் பேரனின் ஞானஸ்நானத்துக்கு அழைப்பு வந்தால் நீங்கள் போவீர்களா? அதற்கு இப்போதே உங்களுக்குள் பதில் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடிகிற காலத்துக்குள் அந்த மனது இறுகிப்போய்விடக் கூடாது.

குமரிச் சகோதரி:

போவேன், ஐயா. அழைப்பு வராவிட்டாலும் போவேன்.

அடுத்த வாய்தாவில் சமரச மையத்துக்கு அனுப்பும்படி என் வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் அண்ணனிடம் பேசுவதற்கு, எங்கள் இருவருக்கும் ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்ன ஒரு பெரியவரையும் மாமா ஒருவரையும் கேட்டிருக்கிறேன். போதகரிடம் மத்தேயு 18-ஐப் பதினைந்தாம் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, தானும் அவர்களோடு வருவதாகச் சொன்னார். வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: சமரசம் ஆனால், நான் விரும்பி எழுதிக் கொடுத்தேன் என்ற அந்தப் பத்திரம் பதிவு அலுவலகத்தில் அப்படியேதான் இருக்குமா?

வழக்கறிஞர், மதுரை:

பழைய பத்திரத்தைப் பதிவேட்டிலிருந்து அழித்துவிட மாட்டார்கள். ஆனால் அந்தப் பத்திரம் இருதரப்புச் சம்மதத்துடன் ரத்து செய்யப்படுகிறது என்று சமரச ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, நீதிமன்றம் அதைத் தீர்ப்பாக்கினால், தீர்ப்பின் நகலைச் சார்பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் தம் பதிவேட்டில் அந்த ரத்தைக் குறித்துவைக்க வேண்டும். வெறுமனே "பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிடாதீர்கள். பத்திர எண், பதிவான ஆண்டு, சர்வே எண், எந்தப் பகுதி யாருக்கு என்பதெல்லாம் சொத்து விவரத்தில் வர வேண்டும். வீட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அதையும் தனிப் பத்தியாக, முழு விவரம் அறிந்து விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதச் சொல்லுங்கள்; இந்த முறை அது உண்மையாகவும் இருக்கும்.

அண்ணன் ஏமாற்றினார் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அவருடைய வக்கீல் அதற்கு ஒப்பமாட்டார், பேச்சு அங்கேயே முறிந்துபோகும். அவர் வாயால் சொல்ல வேண்டியதைப் பெரியவர்கள் முன்னிலையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே வாசியுங்கள், அண்ணனும் வாசிக்கட்டும்.